ஜீனோம் ஆய்வு நிறுவனங்களின் கட்டுரைகளும் மேற்கோள்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜீனோம் என்பது ஓர் உயிரியின் முழு டி.என்.ஏ. தொகுப்பு. அதை ஆராயும் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திறந்தால், முதல் சில பக்கங்களிலேயே இத்தனை ஆயிரம் கட்டுரைகள், இத்தனை லட்சம் மேற்கோள்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அங்கே ஆய்வு மாணவராகச் சேர நினைப்பவர், அதைப் பற்றிச் செய்தி எழுதுபவர், நிதி கொடுப்பவர் என எல்லோர் கண்ணும் முதலில் போவது அந்த எண்களுக்குத்தான். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் கீழே. சிலவற்றுக்கு நீளமான பதில் தேவைப்படுகிறது. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

ஆய்வு வெளியீடு என்றால் கட்டுரைகள் மட்டும்தானா?

கணக்கில் ஏறுவது பெரும்பாலும் கட்டுரைகள்தான். ஆனால் ஜீனோம் துறையில் ஒரு நிறுவனம் வெளியே கொடுப்பதில் கட்டுரை ஒரு பகுதி மட்டுமே. டி.என்.ஏ. வரிசைகள் (டி.என்.ஏ.வின் எழுத்துகள் எந்த ஒழுங்கில் அமைந்திருக்கின்றன என்ற பதிவு), அவற்றைச் சேர்த்து வைக்கும் தரவுத்தளங்கள், அலசிப் பார்க்கும் மென்பொருள்கள், ஆய்வகச் செய்முறைகள் எல்லாமே வெளியீடுகள்தான்.

1996-இல் பெர்முடாவில் கூடிய மனித ஜீனோம் திட்டத்தினர், வரிசைப்படுத்திய பகுதிகளை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வெளியிட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கட்டுரை எழுத உட்காரும் முன்பே தரவு எல்லோர் கைக்கும் போய்விடும் என்று இதற்குப் பொருள். அந்தப் பழக்கம் துறையில் ஊறிவிட்டது. அதனால் ஒரு நிறுவனத்தின் மிகப் பயனுள்ள பங்களிப்பு அதன் கட்டுரைப் பட்டியலில் தெரியாமலே போகலாம். கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றியே போகும்.

மேற்கோள்களை யார் எண்ணுகிறார்கள்? ஒவ்வொரு இடத்திலும் எண் வேறாக இருக்கிறதே?

ஒரு கட்டுரையின் கடைசியில் இருக்கும் சான்றுப் பட்டியலில் இன்னொரு கட்டுரை இடம்பெற்றால், பின்னதற்கு ஒரு மேற்கோள். இதை முறையாகத் தொகுக்கும் வேலையைத் தொடங்கிவைத்தவர் யூஜின் கார்ஃபீல்ட். அவருடைய சயின்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ் 1964-இல் வெளிவந்தது. இன்றைய வெப் ஆஃப் சயின்ஸ் அதன் வாரிசு. 2004-இல் ஸ்கோபஸும் கூகுள் ஸ்காலரும் வந்தன.

வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோபஸ் இரண்டும் தாங்கள் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களை முதன்மையாக வைத்து எண்ணுகின்றன. கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகள், முன்பதிப்புகள் (மதிப்பாய்வுக்கு முன்பே இணையத்தில் போடப்படும் கட்டுரைகள்), புத்தகங்கள் என இணையத்தில் கிடைப்பதையெல்லாம் வாரிக்கொள்கிறது. ஒரே ஆவணம் இரண்டு முறை எண்ணப்படுவதும் உண்டு. அதனால் கூகுள் எண் ஏறக்குறைய எப்போதுமே பெரிதாக இருக்கும். எந்தத் தளத்திலிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் எடுத்தது என்று சொல்லாத மேற்கோள் எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை.

ஒரு கட்டுரை இந்த நிறுவனத்துடையது என்று எப்படி முடிவாகிறது?

ஆசிரியர் பெயருக்குக் கீழே அவர் கொடுக்கும் நிறுவன முகவரிதான் அடிப்படை. கேட்க எளிதாக இருக்கிறது, நடைமுறையில் பெரிய தலைவலி. இங்கிலாந்தின் ஹிங்ஸ்டனில் உள்ள சாங்கர் நிறுவனத்தையே பாருங்கள். 1990-களில் அது சாங்கர் சென்டர். பிறகு வெல்கம் டிரஸ்ட் சாங்கர் இன்ஸ்டிடியூட். இப்போது வெல்கம் சாங்கர் இன்ஸ்டிடியூட். ஒரே நிறுவனம்தான், ஆனால் தேடுபவர் மூன்று பெயர்களையும் போடாவிட்டால் பல ஆண்டுக் கட்டுரைகள் விடுபட்டுவிடும். போதாக்குறைக்கு, அதே வளாகத்தில் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனமும் இருக்கிறது. முகவரியில் ஊர்ப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் இரண்டும் கலந்துவிடும்.

அமெரிக்காவின் பிராட் இன்ஸ்டிடியூட்டில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே பணிபுரியும் பலருக்கு ஹார்வர்டு, எம்.ஐ.டி. அல்லது பாஸ்டன் மருத்துவமனைகளில் இன்னொரு பதவியும் உண்டு. ஒரே கட்டுரையை மூன்று நிறுவனங்கள் தத்தம் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும், மூன்றுமே சரி. நிறுவனங்களுக்கு நிலையான அடையாள எண் கொடுக்கும் ஆர்.ஓ.ஆர். என்ற பதிவேடு 2019-இல் வந்தது. அது பெயர்க் குழப்பத்தைக் குறைக்கிறது. இரட்டைப் பதவியை ஒன்றும் செய்யாது.

இன்னொன்று: ஆய்வாளர் வேறு இடத்துக்குப் போனாலும் பழைய கட்டுரை பழைய நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும். டி.என்.ஏ. துண்டுகளை மூல ஜீனோமோடு பொருத்தும் பி.டபிள்யூ.ஏ. என்ற மென்பொருளை ஹெங் லீயும் ரிச்சர்ட் டர்பினும் சாங்கரில் இருந்தபோது 2009-இல் வெளியிட்டார்கள். பின்னர் லீ பிராட் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனார். இன்றும் அந்தக் கட்டுரைக்குக் குவியும் மேற்கோள்கள் சாங்கர் கணக்கில்தான் சேர்கின்றன. ஒரு நிறுவனத்தின் மொத்த மேற்கோள் எண்ணில் கணிசமான பங்கு, இப்போது அங்கே இல்லாதவர்களின் உழைப்பாக இருக்கலாம்.

நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து எழுதிய கட்டுரையின் மேற்கோள்கள் யாருக்குச் சேரும்?

இந்தத் துறையில் மிக முக்கியமான கேள்வி இதுதான். 2001 பிப்ரவரி 15 அன்று நேச்சர் இதழில் வெளிவந்த மனித ஜீனோம் வரைவுக் கட்டுரைக்குப் பின்னால் ஆறு நாடுகளைச் சேர்ந்த 20 ஆய்வுக் குழுக்கள் இருந்தன. சாங்கர் மட்டுமே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரிசையைக் கொடுத்தது. சில மையங்களின் பங்கு மிகச் சிறியது. 2015-இல் பழ ஈயின் ஜீனோமைப் பற்றி ஜி3 என்ற இதழில் வந்த ஒரு கட்டுரைக்கு 1,014 ஆசிரியர்கள். அவர்களில் பெரும்பாலோர் இளநிலை மாணவர்கள்.

இப்படிப்பட்ட கட்டுரையை எண்ண இரண்டு வழிகள் உண்டு. முழு எண்ணிக்கையில், பெயர் இருந்தால் போதும், நிறுவனத்துக்கு ஒரு முழுக் கட்டுரையும் அதன் எல்லா மேற்கோள்களும். பங்கு எண்ணிக்கையில், ஒரு கட்டுரையை ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள்: 200 ஆசிரியர்களில் 10 பேர் உங்கள் நிறுவனம் என்றால் உங்களுக்கு 0.05. நேச்சர் இன்டெக்ஸ் இரண்டையுமே தருகிறது. முன்னதை கவுண்ட் என்றும் பின்னதை ஷேர் என்றும் சொல்கிறது. லைடன் பல்கலைக்கழகத் தரவரிசையிலும் இரண்டு முறைகளும் உண்டு.

பெரிய கூட்டுத் திட்டங்களில் அதிகம் சேரும் ஜீனோம் நிறுவனத்துக்கு இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் பள்ளத்தாக்கு போல இடைவெளி இருக்கும். ஆண்டறிக்கையில் எது வரும் என்று சொல்லவே வேண்டாம், முழு எண்ணிக்கைதான். அது பொய் இல்லை. அந்த நிறுவனம் எத்தனை முக்கியமான வேலைகளில் கலந்துகொண்டது என்பதை அது சரியாகவே காட்டுகிறது. ஆனால் எவ்வளவு செய்தது என்பதற்கு அது பதில் இல்லை. பங்கு எண்ணிக்கையும் முழு நியாயம் என்று சொல்ல முடியாது. எல்லா ஆசிரியர்களும் சம அளவு உழைத்தார்கள் என்று அது வைத்துக்கொள்கிறது. பத்து ஆண்டு மாதிரிகளைச் சேகரித்தவருக்கும் கடைசி வரைவை ஒருமுறை படித்தவருக்கும் ஒரே பங்கு.

ஒரு கட்டுரைக்குச் சராசரியாக 100 மேற்கோள் என்றால் நல்ல நிறுவனம்தானே?

கொஞ்சம் பொறுங்கள். ஒரு நிறுவனம் பத்துக் கட்டுரைகள் வெளியிட்டது, அவற்றின் மேற்கோள்கள் 2, 3, 3, 4, 5, 6, 8, 9, 10, 950 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 1,000, சராசரி 100. ஆனால் அங்கே 100-ஐ ஒட்டி ஒரு கட்டுரைகூட இல்லை. நடுவில் நிற்கும் இடைநிலை மதிப்பை எடுத்தால் 5.5. இது கற்பனை எண்தான், ஆனால் மேற்கோள்கள் உண்மையில் பரவியிருப்பதும் இந்த மாதிரிதான்.

ஒரே கட்டுரை எவ்வளவு தூரம் இழுத்துவிடும் என்பதற்குப் படிகவியலில் ஒரு புகழ்பெற்ற நிகழ்வு உண்டு. ஷெல்எக்ஸ் என்ற மென்பொருளின் வரலாற்றை ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008-இல் எழுதினார். மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் இந்தக் கட்டுரையைச் சுட்டலாம் என்றும் அதிலேயே சொல்லியிருந்தார். அது வெளிவந்த ஆய்விதழின் தாக்கக் காரணி (இதழின் அண்மைக் கட்டுரைகளுக்குச் சராசரியாக வந்த மேற்கோள்), 2008-க்கான 2 சொச்சத்திலிருந்து அடுத்த ஆண்டே 49-ஐத் தாண்டியது. இதழின் மற்ற கட்டுரைகளில் ஒன்றும் மாறவில்லை.

ஆகவே சராசரியைப் பார்த்தால் கூடவே இடைநிலை மதிப்பையும் கேளுங்கள். பல நிறுவனங்கள் அதை வெளியிடுவதில்லை. ஏன் என்று ஊகிப்பது கடினமில்லை.

ஜீனோம் துறையில் மிக அதிக மேற்கோள் பெறுவது எந்த மாதிரிக் கட்டுரை?

பெரிய கண்டுபிடிப்பு என்று நினைப்போம். பெரும்பாலும் இல்லை, கருவியும் செய்முறையும்தான். எல்லாக் காலத்திலும் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகளின் பட்டியலை நேச்சர் 2014-இல் வெளியிட்டது. முதலிடம், புரதத்தை அளவிடும் முறை பற்றிய 1951-ஆம் ஆண்டுக் கட்டுரை. நான்காவது இடம், ஃபிரெட்ரிக் சாங்கர் குழுவின் 1977-ஆம் ஆண்டு டி.என்.ஏ. வரிசைப்படுத்தும் முறை. வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்ட் மென்பொருளின் 1990, 1997 கட்டுரைகள் இரண்டும் முதல் இருபதுக்குள். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவத்தைச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரையோ அந்த நூறிலேயே இல்லை!

காரணம் சிக்கலானதல்ல. கருவியைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் செய்முறைப் பகுதியில் அதைக் குறிப்பிட்டாக வேண்டும். கண்டுபிடிப்போ பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டால் பிறகு யாரும் மூலக் கட்டுரையைச் சுட்டுவதில்லை. டி.என்.ஏ. இரட்டைச் சுருள் என்று எழுதும் எவரும் வாட்சன், கிரிக்கின் 1953-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு மேற்கோள் போடுவது கிடையாது. அடுத்த தலைமுறைக் கருவிகளிலும் இதே கதைதான். சாங்கர் நிறுவனத்திலிருந்து 2009-இல் வந்த பி.டபிள்யூ.ஏ., அதே ஆண்டின் சாம்டூல்ஸ், பிராட் இன்ஸ்டிடியூட்டின் 2010-ஆம் ஆண்டு ஜி.ஏ.டி.கே. ஆகியவை துறையில் மிக அதிகம் சுட்டப்படும் கட்டுரைகளில் சேரும்.

இதைச் சொல்வது கருவிகளைக் குறைத்துப் பேச அல்ல. நல்ல மென்பொருள் ஒன்று ஆயிரக்கணக்கான ஆய்வுகளைத் தாங்குகிறது, அந்த மேற்கோள்கள் நியாயமானவையே. ஆனால் ஒரு நிறுவனத்தின் மேற்கோள்களில் பாதி இரண்டு மூன்று மென்பொருள்களிலிருந்து வருகிறதென்றால், அங்கே நோய்களைப் பற்றிய ஆய்வு எப்படி இருக்கிறது என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. கருவிகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியைப் பாருங்கள். அதுதான் நான் முதலில் செய்வது.

தரவைப் பயன்படுத்துகிறவர்கள் அதற்கு மேற்கோள் தருகிறார்களா?

ஓரளவு. பல வகைகளில் கசிவு ஏற்படுகிறது.

தரவுத்தளத்தின் பதிவு எண்ணைக் கட்டுரையின் உடலில் எழுதிவிட்டு விட்டுவிடுவார்கள். சான்றுப் பட்டியலில் இல்லாததால் எண்ணிக்கையில் வராது. சிலர் இணைய முகவரியை மட்டும் கொடுப்பார்கள். இவற்றைவிட மோசமானது துணை ஆவணம். ஜீனோம் கட்டுரைகளில் எந்தெந்தத் தரவு எங்கிருந்து வந்தது என்ற விவரம் பெரும்பாலும் நூறு பக்கத் துணை ஆவணத்துக்குள் போய்விடும். அதில் இருக்கும் சான்றுகளை மேற்கோள் தளங்கள் பொதுவாகப் படிப்பதே இல்லை. ஒரு சிறிய குழு ஒரு தாவரத்தின் ஜீனோமை வரிசைப்படுத்திப் பொதுவில் வைத்தது, ஐம்பது இனங்களை ஒப்பிடும் ஆய்வு அதை எடுத்துக்கொண்டது என்றால், அந்தக் குழுவுக்குக் கிடைப்பது துணை ஆவணத்தில் ஒரு வரி, எண்ணிக்கையில் பூஜ்யம்.

அதனால்தான் தரவைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதும் வழக்கம் வந்தது. நியூக்ளிக் ஆசிட்ஸ் ரிசர்ச் இதழ் ஆண்டுதோறும் ஜனவரியில் தரவுத்தளங்களுக்கென்றே ஒரு சிறப்பிதழ் போடுகிறது. சீனாவின் ஜீனோம் நிறுவனமான பி.ஜி.ஐ. 2012-இல் பயோமெட் சென்ட்ரலோடு சேர்ந்து கிகாசயின்ஸ் என்ற ஆய்விதழைத் தொடங்கியது. பெரிய தரவுகளோடு வரும் கட்டுரைகளுக்கான இடம் அது. பிராட் இன்ஸ்டிடியூட்டை மையமாகக் கொண்ட நோமாட் தரவுத்தொகுப்பு 1,41,456 பேரின் மரபணு வேறுபாடுகளைத் தொகுத்து 2020-இல் நேச்சரில் கட்டுரையாக வந்தது. ஒரு மரபணு மாற்றம் மக்களிடையே எவ்வளவு அரிது என்று பார்க்க மருத்துவ ஆய்வகங்கள் அன்றாடம் அதைத் திறக்கின்றன. அந்தப் பயன்பாட்டில் ஆய்விதழ்க் கட்டுரையாக மாறும் சிறு பகுதி மட்டுமே மேற்கோளாகத் தெரியும். நோயாளிக்குக் கொடுக்கும் அறிக்கையை எந்த மேற்கோள் தளமும் எண்ணுவதில்லை.

துறைக்கேற்பச் சீராக்கிய மேற்கோள் என்கிறார்களே, அது என்ன?

மூலக்கூறு உயிரியலில் ஒரு கட்டுரைக்கு வரும் மேற்கோள்கள் கணிதத்தில் வருவதைவிட மிக அதிகம். பழைய கட்டுரைக்குப் புதியதைவிட அதிகம். எனவே அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரியால் வகுத்துவிடுகிறார்கள். 1 என்றால் உலகச் சராசரி, 2 என்றால் இரு மடங்கு. வெறும் எண்ணிக்கையைவிட இது எவ்வளவோ மேல்.

இருந்தாலும் துறையை எப்படி வரையறுப்பது என்பதில் சிக்கல் இருக்கிறது. நேச்சர், சயின்ஸ் போன்ற இதழ்களில் எல்லாத் துறையும் வருவதால், இதழை வைத்து வகைப்படுத்தும் தளங்கள் அவற்றைப் பல்துறை என்ற மூட்டைக்குள் போட்டுவிடுகின்றன. இதைத் தவிர்க்க, ஒரு கட்டுரையோடு சேர்த்துச் சுட்டப்படும் மற்ற கட்டுரைகளை வைத்தே அதன் துறையைக் கணிக்கும் ஆர்.சி.ஆர். என்ற அளவையை அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தினர் 2016-இல் முன்வைத்தார்கள்.

சீராக்கிய சராசரியும் சராசரிதான், மேலே சொன்ன 950 வியாதி இதற்கும் உண்டு. துறையில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் கட்டுரைகள் எத்தனை பங்கு என்று கேட்பது நல்லது. அங்கே ஒரு கட்டுரை எவ்வளவு உயரம் போனாலும் ஒன்றாகத்தான் எண்ணப்படும்.

நிறுவனத்தின் எச் குறியீடு?

ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் தனி ஆய்வாளர்களுக்காக உருவாக்கியது அது: தலா 20 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 20 இருந்தால் குறியீடு 20. நிறுவனத்துக்குப் போட்டால் அளவையும் வயதையும் மட்டுமே காட்டும், ஒருபோதும் இறங்காது. நாளைக்கே எல்லோரும் வேலையை நிறுத்தினாலும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். விட்டுவிடலாம்.

உயர்ந்த தாக்கக் காரணி உள்ள இதழ்களில் வெளியிடுவது தாக்கம் ஆகாதா?

தாக்கக் காரணி இதழைப் பற்றிய எண், கட்டுரையைப் பற்றியதல்ல. ஷெல்எக்ஸ் கதை இதற்கும் பொருந்தும். 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான டோரா பிரகடனம், ஆய்வாளரையோ தனிக் கட்டுரையையோ மதிப்பிட இதைப் பயன்படுத்தக் கூடாது என்று கேட்டுக்கொண்டது. நிறைய நிறுவனங்கள் கையெழுத்துப் போட்டன. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

மேற்கோள் வந்தாலே பாராட்டுதானா?

இல்லை. வெவ்வேறு புற்றுநோய்களுக்கு அவற்றுக்கே உரிய நுண்ணுயிர்த் தடயங்கள் உண்டு என்று, புற்றுநோய் ஜீனோம் தரவுகளை மறு அலசல் செய்து 2020-இல் நேச்சரில் ஒரு கட்டுரை வந்தது. நூற்றுக்கணக்கான மேற்கோள்கள் குவிந்தன. நுண்ணுயிர் என்று எண்ணப்பட்டவற்றில் பெரும்பகுதி மனித டி.என்.ஏ. துண்டுகளே என்று 2023-இல் வேறு குழுவினர் காட்டினார்கள்; 2024-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதை நம்பி மேலே கட்டியவர்களின் மேற்கோளும், தவறென்று நிரூபித்தவர்களின் மேற்கோளும் எண்ணிக்கையில் ஒன்றுதான்.

தங்களைத் தாங்களே மேற்கோள் காட்டிக்கொள்வதைக் கழிக்க வேண்டாமா?

கழிக்கலாம், ஆனால் இந்தத் துறையில் அது விசித்திரமான விளைவைத் தரும். இரண்டு கட்டுரைக்கும் பொதுவான ஓர் ஆசிரியர் இருந்தால் அது சுய மேற்கோள் என்பது வழக்கமான விதி. ஒரு கட்டுரைக்கு ஐந்நூறு ஆசிரியர்கள் இருந்தால், அதைப் படித்துப் பயன்படுத்தக்கூடிய ஆய்வுக்கூடங்களில் பலவற்றில் அந்த ஐந்நூறில் ஒருவராவது இருப்பார். நியாயமான பயன்பாடும் சுய மேற்கோளாக அடிபட்டுப் போகும். நிறுவன அளவில் பார்ப்பதானால், வெளியிலிருந்து வரும் மேற்கோள்கள் எத்தனை நாடுகளிலிருந்தும் துறைகளிலிருந்தும் வருகின்றன என்று கேட்பது அதிகப் பயன் தரும்.

சரி, இரண்டு ஜீனோம் நிறுவனங்களை ஒப்பிடவே முடியாதா?

ஒரே வேலையைச் செய்பவையாக இருந்தால் ஒப்பிடலாம். ஆனால் அப்படி அமைவது அரிது. சாங்கர் பிறந்ததே பெரிய அளவில் வரிசைப்படுத்துவதற்காக. 2004-இல் தொடங்கிய பிராட் இன்ஸ்டிடியூட்டில் ஜீனோமோடு வேதி உயிரியல், கிரிஸ்பர் மரபணுத் திருத்தம் எல்லாம் நடக்கின்றன. கிரிஸ்பர் கட்டுரைகளின் மேற்கோள்களை ஜீனோம் வரிசைப்படுத்தல் கணக்கில் போடுவது சரியில்லை. 1999-இல் தொடங்கிய பி.ஜி.ஐ. ஆய்வும் செய்கிறது, கட்டணம் வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்கு வரிசைப்படுத்தியும் கொடுக்கிறது. சேவையாகச் செய்த வேலைக்குப் பல கட்டுரைகளில் செய்முறைப் பகுதியில் ஒரு வரி, அல்லது நன்றி. இரண்டும் மேற்கோள் ஆகாது.

எதிர்முனையில் ஜீனோமிக்ஸ் இங்கிலாந்து இருக்கிறது. 2013-இல் அரசு தொடங்கிய இந்த நிறுவனம் ஒரு லட்சம் ஜீனோம்கள் என்ற இலக்கை 2018 டிசம்பரில் எட்டியது. அதன் முன்னோட்டத் திட்டத்தில் அரிய நோய் உள்ள 2,183 குடும்பங்களைச் சேர்ந்த 4,660 பேரை ஆராய்ந்ததில், நோயாளிகளில் 25 சதவீதத்தினருக்கு மரபணுக் காரணம் தெரியவந்ததாக 2021-இல் வந்த கட்டுரை சொல்கிறது. பல ஆண்டுகள் காரணமே தெரியாமல் அலைந்தவர்கள் அவர்கள். அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்த பதிலை எந்த எச் குறியீட்டில் எழுதுவது? நோயறியும் நிறுவனத்தை மேற்கோள் எண்ணால் அளப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

கடந்த இரண்டு மூன்று ஆண்டுக் கட்டுரைகளை எப்படி எடைபோடுவது?

மேற்கோளை வைத்து வேண்டாம். மற்றவர்கள் அந்தக் கட்டுரையைப் படித்து, சோதனை செய்து, தங்கள் கட்டுரையை எழுதி, மதிப்பாய்வு முடிந்து வெளிவருவதற்கே இரண்டு ஆண்டு ஓடிவிடும். 2013-இல் தொடங்கிய பயோஆர்க்கைவ் முன்பதிப்புத் தளம் வந்த பிறகு வேகம் கூடியிருக்கிறது. ஆனால் முன்பதிப்புக்கு வரும் மேற்கோளும் பின்னால் வரும் இதழ்ப் பதிப்புக்கான மேற்கோளும் சில தளங்களில் தனித்தனியாகப் பிரிந்துபோகின்றன. தரவைப் பதிவிறக்கியவர்கள், மென்பொருளை நிறுவியவர்கள் எண்ணிக்கை சீக்கிரம் கிடைக்கும் தடயம். தானியங்கி நிரல்களும் பதிவிறக்கும் என்பதால் அதையும் அளவோடுதான் நம்ப வேண்டும்.

எங்கள் ஆய்வில் ஒரு நிறுவனத்தின் ஜீனோம் தரவைப் பயன்படுத்தினோம். எப்படி மேற்கோள் காட்டுவது?

தரவை விவரிக்கும் கட்டுரை இருந்தால் அதை முதன்மைக் கட்டுரையின் சான்றுப் பட்டியலில் போடுங்கள். துணை ஆவணத்தில் போட்டால் போட்டதாகவே கணக்கில்லை. இதழ் சான்றுகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினால், ஐம்பது பேர் சுட்டும் பொதுவான மீள்பார்வைக் கட்டுரைகளில் ஒன்றிரண்டை எடுத்துவிட்டுத் தரவுக்கு இடம் கொடுங்கள். தரவின் பதிப்பு எண்ணையும் பதிவு எண்ணையும் செய்முறைப் பகுதியில் எழுதுங்கள்; ஒரே தொகுப்பின் இரண்டு பதிப்புகளுக்கு இடையில் முடிவே மாறலாம். மென்பொருளுக்கும் இதே விதிதான், பதிப்பு எண் உட்பட. கட்டுரை இன்னும் வராத தரவு என்றால், முழு ஜீனோம் அலசலை முதலில் வெளியிடும் உரிமையைத் தரவை உருவாக்கியவர்கள் தங்களுக்கு வைத்திருக்கிறார்களா என்று பயன்பாட்டு நிபந்தனைகளில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அவர்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.